கோவாவுல பீச்ச விட்டுட்டு உள்ள போய் ஊர் சுத்துறது எப்படி

கோவான்னாலே நம்ம ஆளுங்க மனசுல பாகா, கலங்குட், அஞ்சுனா, தெக்க போனா பாலோலம், அவ்வளவுதான். நாலு நாள் போவாங்க, நாலு நாளும் அதே மணல், ஷாக்னு சொல்ற அதே பீச்சோரக் குடிசைக் கடை, திரும்பி வந்து கோவா பாத்தாச்சுன்னு சொல்லிடுவாங்க. ஆனா கோவா மொத்தமே 3,702 சதுர கி.மீ. தாங்க, கடற்கரையில இருந்து கிழக்கால மலை வரைக்கும் போனாலும் 60 கி.மீ. சொச்சம்தான் வரும், அதுல பீச்சுங்கறது மேற்கு ஓரத்துல ஓடுற ஒரு கோடு மட்டும்தான். மீதி எல்லாம் வயல், ஆறு, பாக்குத் தோப்பு, காடு, செம்மண் ரோடு, சின்னச் சின்ன ஊர். இதுக்குன்னு தனியா ஒரு ட்ரிப் போட வேண்டியதில்ல, நீங்க ஏற்கனவே போட்டு வெச்சிருக்கற ட்ரிப்புல ரெண்டு நாள ஒதுக்கினாலே போதும். எனக்கு அந்த உள்பக்கம் ரொம்பப் பிடிக்கும், அதனால எப்படிப் போறது, எப்பப் போறது, போன இடத்துல எப்படி நடந்துக்கறதுன்னு தெரிஞ்சத எல்லாம் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இத மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டாலும் போதும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஒரு ஆறு. டாக்சி பேக்கேஜ்காரங்க தூத்சாகர், ஸ்பைஸ் தோட்டம், மங்கேஷி கோயில், பழைய கோவா சர்ச் எல்லாத்தையும் ஒரே நாள்ல காட்டறேன்னு சொல்வாங்க, அப்படிப் போனீங்கன்னா நீங்க பாத்தது கார் சீட்டு மட்டும்தான். மேப்ல 30 கி.மீ.ன்னு காட்டும், ஆனா உள்ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், நடுவுல மாடு நிக்கும், ஒரு பாலத்துல ஒரு வண்டிதான் போக முடியும், பெர்ரிக்கு, அதாவது ஆத்தத் தாண்ட வண்டி ஏத்தற படகுக்கு, நிக்கணும், அதனால மணிக்கு 25 கி.மீ. போனா நல்ல வேகம்னு வெச்சுக்கோங்க. மாண்டோவி ஆத்துப் பக்கம் ஒரு நாள், குஷாவதி ஆத்துப் பக்கம் ஒரு நாள், இப்படிப் பிரிச்சா ரெண்டுமே நல்லா மனசுல நிக்கும்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஊரோட அமைப்பு கொஞ்சம் தெரிஞ்சிருந்தா பாக்கற எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் கிடைக்கும். போர்ச்சுகீசியர் 16-ம் நூற்றாண்டுல பிடிச்சது கடலோரத் தாலுகாக்கள், பார்தேஷ், திஸ்வாடி, சால்சேட். பீச், பெரிய வெள்ளை சர்ச், ஓட்டு வீடுங்க எல்லாம் அதிகமா இங்கதான். உள்ள இருக்கற போண்டா, பிச்சோலிம், சத்தாரி, சாங்கேம், கெப்பே, காணகோணா இதெல்லாம் அவங்க கைக்குப் போனது 18-ம் நூற்றாண்டுலதான். அதனாலதான் கடலோரத்துல கோயில்கள இடிச்சப்ப ஜனங்க சாமிய தூக்கிக்கிட்டு ஆத்தத் தாண்டி உள்ள போனாங்க. இன்னிக்கு போண்டா பக்கத்துல இருக்கற மங்கேஷி, 1560-ல குஷஸ்தலிங்கற ஊர்ல இருந்து பிரியோளுக்கு வந்த சாமி. மர்தோள்ல இருக்கற மஹாலசா வெர்ணாவுல இருந்து வந்தது, கவளேயில இருக்கற சாந்ததுர்கா கேளோஷியில இருந்து வந்தது. உள்ள போகப் போக சிலுவை குறைஞ்சு துளசி மாடம் அதிகமாறதும் இதனாலதான், ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கற ஊரும் நிறைய உண்டு.

சரி, வண்டி. ஸ்கூட்டர்தான் பெஸ்ட், ரெண்டு பேர்னா அதுக்கு மேல எதுவும் வேண்டாம். வாடகைக்கு எடுக்கறப்ப நம்பர் பிளேட்ட பாருங்க, கருப்பு பலகையில மஞ்சள் எழுத்து இருந்தாதான் அது முறையான வாடகை வண்டி. வெள்ளை பிளேட் சொந்த வண்டி, கொஞ்சம் கம்மி விலைக்குத் தர்றேன்னு சொல்வாங்க, போலீஸ் நிறுத்தினா நாள் அங்கயே போயிடும், ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்சும் நிக்காது. லைசென்ஸ் ஒரிஜினல் இல்லன்னா டிஜிலாக்கர்ல கையில இருக்கட்டும், ஹெல்மெட் ரெண்டு பேருக்கும் கேட்டு வாங்குங்க. பெட்ரோல் மாப்புசாவுலயோ மட்காவ்லயோ புல் பண்ணிட்டுத்தான் உள்ள போகணும், சத்தாரி, நேத்ராவளி பக்கம் பங்க் தேடி அலைய முடியாது. டாக்சியில போறீங்கன்னா போன வண்டியையே நாள் முழுக்க நிறுத்தி வெச்சுக்கோங்க, உள்ள இறக்கி விட்டுட்டுப் போயிட்டா திரும்பி வர வண்டி கிடைக்காது.

பஸ்சும் மோசம் இல்ல, எனக்குக் கேட்டா ஒரு தடவையாவது பஸ்ல போங்கன்னுதான் சொல்வேன். கதம்பா பஸ் கவர்மெண்டு பஸ், அது போக சின்ன பிரைவேட் பஸ்ங்க நிறைய. மாப்புசா, பிச்சோலிம், சாங்க்ளி, வால்போய்னு ஒரு லைன், மட்காவ், கெப்பே, சாங்கேம்னு ஒரு லைன். கண்டக்டர் ஊர் பேர கத்திக்கிட்டே ஏத்துவார், நீங்க இறங்கற ஊர சொல்லிட்டு உக்காந்தா அவரே சொல்லி இறக்கி விடுவார். சாயங்காலத்துக்கு மேல பஸ் குறைஞ்சிடும், அதனால இறங்கின உடனே கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டு வெச்சுக்கோங்க. டவுன்ல இருந்து பக்கத்து ஊருக்குப் போக பைலட்னு சொல்ற மோட்டார்சைக்கிள் டாக்சி இருக்கும், பின்னாடி உக்காந்து போயிடலாம். வாஸ்கோவுல இருந்து குலே வரைக்கும் போற பாசஞ்சர் ரயிலும் உண்டு, மட்காவ், சாந்தோர், சான்வோர்டே வழியா போகும், ஜன்னல்ல உக்காந்து வயலப் பாத்துக்கிட்டே போறதுக்கு அது ரொம்ப நல்லா இருக்கும்.

நேரம் ரொம்ப முக்கியம். காலைல ஆறு ஆறரைக்கு கிளம்பிடுங்க. அந்த நேரத்துல ஊருக்குள்ள பொதேர்னு சொல்ற ரொட்டிக்காரர் சைக்கிள்ல ஹாரன அமுக்கிக்கிட்டு வருவார், பின்னாடி பெரிய கூடையில நீல பிளாஸ்டிக் மூடி, அதுக்குள்ள சூடா போயி, உண்டோ, காக்கண். போயிங்கறது தவிடு தூவின உருண்டை ரொட்டி, நடுவுல காத்தடைச்ச மாதிரி பிளந்துக்கும், அத வாங்கி அப்படியே சாப்பிட்டாலே காலை டிபன் பாதி முடிஞ்சது. மதியம் ஒரு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் உள்ளூர்க் கடைங்க நிறைய மூடிடுவாங்க, அது அவங்க தூங்கற நேரம், அப்பப் போய் யார் வீட்டுக் கதவையும் தட்டி வழி கேக்காதீங்க. சாப்பாட்ட பன்னெண்டரைக்கே முடிச்சுக்கிட்டு, அந்த வெயில் நேரத்த ஏதாவது ஒரு மரத்தடியிலயோ ஆத்தங்கரையிலயோ கழிச்சுட்டு நாலு மணிக்கு மறுபடி கிளம்பறதுதான் சரி.

இப்ப வழி சொல்றேன். வடக்க தங்கி இருக்கறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சு இதவிட நல்ல ஒரு நாள் கிடையாது.

பழைய கோவாவுக்கு வாங்க, சர்ச் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், வைஸ்ராய் ஆர்ச்சத் தாண்டி நேரா கீழ இறங்கினா பெர்ரி ஜெட்டி. மாண்டோவியத் தாண்டி திவார்ங்கற தீவுக்குப் போற பெர்ரி, நடந்து போறவங்களுக்கு காசு கிடையாது, ஸ்கூட்டர அப்படியே உருட்டி ஏத்திடலாம். ஏறினதும் ஓரமா நில்லுங்க, வண்டி இறங்கற பலகைக்கு நடுவுல நிக்காதீங்க, கரை தொட்டதும் எல்லாரும் ஒரே நேரத்துல ஸ்டார்ட் பண்ணுவாங்க. இறங்கின உடனே ரெண்டு பக்கமும் தட்டையா வயலும் தண்ணியும் விரிஞ்சு கெடக்கும், நடுவுல ஒத்த ரோடு. அங்க வண்டிய ஓரங்கட்டிட்டு நடங்க, ஏன்னா நீங்க நிக்கறது கோவாவோட ரொம்பப் பழைய ஒரு ஏற்பாட்டுக்கு நடுவுல.

அதுக்குப் பேரு கஸான். உப்புத் தண்ணி ஏறி இறங்கற ஆத்தோர சதுப்ப மண் கரை போட்டுத் தடுத்து வயலாக்கி இருக்காங்க, போர்ச்சுகீசியர் வர்றதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே. அந்தக் கரையில அங்கங்க ஒரு மதகு இருக்கும், மானஸ்னு சொல்வாங்க. அத நின்னு பாருங்க. மரப் பலகை கதவு, மேல இருந்து தொங்கற மாதிரி மாட்டி இருக்கும், ஆத்துல தண்ணி ஏறறப்ப அந்தத் தண்ணியே கதவ உள்பக்கம் தள்ளி சட்டத்தோட சேத்து மூடிடும், உப்புத் தண்ணி வயலுக்குள்ள வராது. வத்தம் வந்து ஆத்துத் தண்ணி இறங்கினதும் உள்ள நிக்கற தண்ணி கதவத் தள்ளித் திறந்துக்கிட்டு வெளிய ஓடும். ஆள் வேண்டாம், மோட்டார் வேண்டாம், ஏத்தவத்தமே கதவ மூடித் திறக்குது. தண்ணி வெளிய போறப்ப மதகு வாயில வலை கட்டி மீன் பிடிப்பாங்க, அந்த மீன் பிடிக்கற உரிமைய ஏலம் விடறது வழக்கம். மழைக்காலத்துல நெல்லு, உப்பத் தாங்கற கோர்குட்னு ஒரு நெல்லு, அறுத்த பிறகு பல இடத்துல மீன், இறால். ஒரே நிலம் ரெண்டையும் குடுக்குது. அந்தக் கரை உடைஞ்சா, யாரும் சரி பண்ணலன்னா, ஒரே வருஷத்துல உப்பு ஏறி வயல் போயிடும், அப்படிப் போன வயலும் கண்ணுக்குத் தெரியும், நெல்லு இல்லாம கண்டல் செடி முளைச்சு நிக்கும். இதப் பாத்துட்டா அப்புறம் கோவாவுல எந்தப் பாலத்த கடந்தாலும் உங்க கண்ணு தானா கரையத் தேடும்.

அந்த மண் கரை மேல ஸ்கூட்டர ஓட்டாதீங்க, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் நடந்து போங்க, வயல்ல கால வைக்காதீங்க. ஏத்தவத்த நேரம் போன்லயே பாக்கலாம், வத்தம் ஆரம்பிக்கற நேரத்துக்குப் போனா மதகு திறக்கறது தெரியும். இன்னொரு விஷயம், இந்தக் கால்வாய் எதுலயும் குளிக்க இறங்காதீங்க. பக்கத்துல இருக்கற கும்பார்ஜுவா கால்வாய்ல முதலை இருக்கு, அதப் பாக்கவே படகுல கூட்டிட்டுப் போவாங்க, அதே தண்ணிதான் இங்கயும்.

திவார்ல குன்னு மேல பியேதாதே சர்ச் இருக்கு, அங்க இருந்து பாத்தா ஆறும் வயலும் பழைய கோவா கோபுரமும் ஒண்ணா தெரியும். அப்படியே தீவக் குறுக்க கடந்து வடக்க நார்வேங்கற ஊர்ப் பக்கம் போங்க, அங்க ஒரு பெர்ரி, அதுல ஏறினா பிச்சோலிம் தாலுகா கரை. இந்த ஆத்தத்தான் சப்தகோடேஸ்வரரும் கடந்தார். ஒரு காலத்துல கோவாவ ஆண்ட கதம்பர்கள் கும்பிட்ட சிவன், திவார் தீவுல கோயில், அத 16-ம் நூற்றாண்டுல இடிச்சதுக்கப்புறம் லிங்கத்த எடுத்துக்கிட்டு வந்து இந்தக் கரையில வெச்சாங்க, 1668-ல சிவாஜி மகராஜ் கோயில எடுத்துக் கட்டினார். 2023-ல புதுப்பிச்சுத் திறந்திருக்காங்க. கோயில் சின்னதுதான், மரத்துக்குக் கீழ, பள்ளத்துல அமைதியா இருக்கும். காலைல தீவுல பழைய கோயில் குளம் இருக்கற இடத்தையும் பாத்துட்டு பெர்ரியில இங்க வந்து நின்னீங்கன்னா, புத்தகத்துல நாலு பக்கம் படிச்சாலும் புரியாதது அந்தப் பத்து நிமிஷ ஆத்துப் பயணத்துல புரிஞ்சிடும்.

அங்க இருந்து மாயே ஏரி வழியா பிச்சோலிம், சாங்க்ளி, அதத் தாண்டி ஹர்வளே. செம்புராங்கல்லுல குடைஞ்ச குகை, உள்ள லிங்கம், பாண்டவர் குகைன்னு ஊர்ல சொல்வாங்க, பக்கத்துலயே ருத்ரேஸ்வரர் கோயிலும் அருவியும். நேரம் இருந்தா பாருங்க, இல்லன்னா விட்டுடுங்க, இன்னிக்கு நாளோட உயிரு ஆத்துக்கு ரெண்டு பக்கமும்தான் இருந்துச்சு. இந்தப் பக்கம் செவப்பா வெட்டுன மலைங்க தெரியும், அது இரும்புத் தாது சுரங்கம். 2012-ல சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வெச்சு, 2018-ல 88 குத்தகைய ரத்து பண்ணின கதை எல்லாம் அந்த மண்ணுதான். ஊர்ல யார்கிட்டயாவது பேச்சு வந்தா கவனமா கேளுங்க, அதுல வேலை போனவங்களும் உண்டு, கிணறு வத்திப் போனவங்களும் உண்டு, ரெண்டு பேரும் அதே டீக்கடையில உக்காந்திருப்பாங்க.

தெக்க தங்கி இருந்தா குஷாவதி ஆத்தப் பிடிச்சுக்கிட்டு போங்க. மட்காவ்ல இருந்து கிளம்பி சாந்தோர், பழைய சந்திரபுரம் இதுதான், ஒரு காலத்துல தலைநகரம், இப்ப சர்ச்சும் பெரிய பழைய மாளிகையும் இருக்கற கிராமம். மாளிகைங்க வீடுங்க, உள்ள குடும்பம் இருக்கு, பாக்க விடற இடத்துல கேட்டுட்டு, அவங்க சொல்ற தொகைய குடுத்துட்டுப் பாருங்க. கெப்பேயில ஆத்தங்கரையில 1787-ல கட்டின பலாசியோ தோ தேயாவோங்கற பழைய மாளிகை இருக்கு, முன்கூட்டியே போன் பண்ணிட்டுப் போறது மரியாதை.

அதத் தாண்டி ரிவோணா பக்கம் உஸ்காளிமாள். இதுக்காகவே ஒரு தடவை தெக்க வரலாம்னு சொல்வேன். குஷாவதி ஆத்தங்கரையில தட்டையான செம்புராங்கல் பாறை, அதுல வரலாற்றுக்கு முந்தின காலத்து ஜனங்க செதுக்கின உருவங்கள், நூத்துக்கு மேல. மழையில ஆறு ஏறி ஏறி சேறு மூடிக் கெடந்தது, ஊர்க்காரங்களுக்குத் தெரியும், அவங்க சொல்லித்தான் 1993-ல தொல்லியல்காரங்க வந்து பாத்தாங்க. காளை, மான், மனுஷ உருவம், எல்லாத்துக்கும் மேல வட்டத்துக்குள்ள வட்டமா சுருண்டு உள்ள போற ஒரு புதிர்ப்பாதை. உச்சி வெயில்ல போனீங்கன்னா வெறும் பாறைதான் தெரியும், என்னடா இதுன்னு திரும்பிடுவீங்க. கோடு ஆழம் கம்மி, வெளிச்சம் சாய்வா விழுந்தாதான் நிழல் பிடிச்சு உருவம் எழும்பும், அதனால காலைல எட்டுக்கு முன்னாடி இல்லன்னா சாயங்காலம் நாலரைக்கு மேல போங்க, குனிஞ்சு பக்கவாட்டுல பாருங்க, முதல்ல ஒரு கொம்பு தெரியும், அப்புறம் முதுகு, அப்புறம் முழுக் காளை. செருப்ப ஓரமா விட்டுட்டு உருவம் இல்லாத இடமாப் பாத்து நடங்க, நல்லாத் தெரியணும்னு சாக்பீஸ் போடறது, கல்லால கீறிப் பாக்கறது எதுவும் கூடவே கூடாது. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தண்ணி ஏறி இருக்கும், அப்பப் போறதுல பிரயோஜனம் இல்ல.

மே மாசம் போறவங்களுக்கு மட்டும் இன்னொரு இடம், குர்டி. சாலாவ்லி அணை கட்டினப்ப மூழ்கின ஊரு, 1980-கள்ல ஜனங்கள வாடே, வால்கிணிங்கற இடங்களுக்குக் குடி மாத்தினாங்க. ஒவ்வொரு வருஷமும் கோடையில தண்ணி இறங்கறப்ப ஊரு வெளிய வரும். வீட்டு அஸ்திவாரம், கிணறு, மரத்தோட அடிக்கட்டை, வெடிச்ச களிமண் நடுவுல சோமேஸ்வரர் கோயில். அந்த ஊர்க்காரங்க மே மாசம் திரும்பி வந்து கோயில்லயும் சாப்பல்ங்கற சின்ன சர்ச்லயும் திருவிழா நடத்துவாங்க, அவங்க தாத்தா வீடு எங்க இருந்துச்சுன்னு பேரப்பிள்ளைங்களுக்குக் காட்டுவாங்க. பாட்டுக்காரர் மோகுபாய் குர்டிகர் இந்த ஊர்ப் பொண்ணு, பேர்லயே ஊரு இருக்கு. இன்னொரு பழைய மஹாதேவர் கோயில மட்டும் கல் கல்லா பிரிச்சு அணை பக்கத்துல திரும்பக் கட்டி வெச்சிருக்காங்க, அது வருஷம் முழுக்கப் பாக்கலாம். குர்டிக்குப் போனா அது ஒருத்தர் வீடுன்னு நினைச்சு நடங்க, அஸ்திவாரத்து மேல ஏறி நின்னு போஸ் குடுக்காதீங்க. ஓடு, கல்லு எதையும் எடுத்துட்டு வராதீங்க. தண்ணி ஓரத்துல களிமண் மேல காஞ்ச மாதிரி தெரியும், கால வெச்சா முட்டி வரைக்கும் உள்ள போகும், அதனால ஆள் நடந்த தடத்துலயே போங்க.

மத்த பக்கமெல்லாம் சுருக்கமா சொல்லிடறேன். தாம்ப்டி சுர்லா, மோலே காட்டுக்குள்ள 12-13-ம் நூற்றாண்டு கதம்பர் கால கருங்கல் சிவன் கோயில், காட்டுக்குள்ள ஒளிஞ்சு இருந்ததாலதான் தப்பிச்சது, அப்படியே ஓடையோரமா உக்காந்துட்டு வரலாம். நேத்ராவளியில கோபிநாத் கோயில் குளம், தண்ணிக்கு அடியில இருந்து குமிழி வந்துக்கிட்டே இருக்கும், புட்புட் தளின்னு பேரு. பாலோலத்துல இருக்கறவங்களுக்கு கோட்டிகாவ் சரணாலயம் ரொம்பப் பக்கம், 86 சதுர கி.மீ., காலைல போனாதான் பறவை. பறவைக்குன்னே போறவங்களுக்கு சோராவோ தீவுல சலீம் அலி சரணாலயம், ரிபந்தர்ல இருந்து பெர்ரி. போண்டா பக்கம் ஸ்பைஸ் தோட்டம்னு டிக்கெட் போட்டுக் காட்டற இடங்கள் உண்டு, அதுல தப்பில்ல, ஆனா சாவோய் வேரே மாதிரி ஊருக்குள்ள போனா குளாகர்னு சொல்ற நிஜத் தோப்பே ரோட்டோரமா இருக்கும், பாக்கு மரம் மேல மிளகுக் கொடி, கீழ வாழை, ஜாதிக்காய், நடுவுல ஓடுற வாய்க்கால். தூத்சாகர் பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, 310 மீட்டர் அருவி, ஜீப் கூட்டம், நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

வெள்ளிக்கிழமை வடக்க இருந்தா எல்லாத்தையும் தள்ளி வெச்சுட்டு மாப்புசா சந்தைக்குப் போங்க, காலைல எட்டு மணிக்குள்ள. சுத்துப்பட்டு கிராமத்துப் பொம்பளைங்க அவங்க தோட்டத்துல விளைஞ்சத கொண்டு வந்து தரையில விரிச்சிருப்பாங்க, மொய்ரா வாழைப்பழம், கோகம், வெல்லம், கருவாடு, மண் சட்டி. எந்த ஊர்ல இருந்து வர்றீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டா போதும், அடுத்த நாள் எங்க போகலாம்னு உங்களுக்கு அங்கயே தெரிஞ்சிடும்.

சீசன் பத்தி. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் சுலபம், எல்லாருக்கும் ஒத்துக்கும். மழைக்காலம்தான் அழகு, ஏறக்குறைய 3,000 மி.மீ. பேயற ஊரு, ஜூன் ஜூலையில நாத்து நடறதப் பாக்கலாம், ஆனா ஸ்கூட்டர் வழுக்கும், அருவிக்கு திடீர்னு தண்ணி ஏறும், வனத்துறை சில அருவிக்குப் போகவே தடை போடும். தடைன்னா தடை, உள்ளூர்ப் பையன் குறுக்கு வழி காட்டறேன்னாலும் போகாதீங்க, வருஷா வருஷம் உயிர் போகுது. மார்ச்ல இருந்து மே வரைக்கும் வெயில் கொளுத்தும், ஆனா முந்திரி சீசன், அதனால எனக்கு அதுவும் பிடிக்கும். சத்தாரி, கெப்பே பக்க மலைச் சரிவுல போனா காத்துலயே பழ வாசனை வரும். பழத்தப் பறிக்க மாட்டாங்க, தானா விழுந்தத பொறுக்கி, கொட்டையத் திருகி எடுத்துட்டு பாறைத் தொட்டியில போட்டு மிதிச்சு சாறு எடுப்பாங்க. மிதிச்சு முடிச்ச சக்கைல இருந்து தானா வடியற சாறு நீரோ, போதை கிடையாது, குடிச்சுப் பாருங்க. புளிக்க வெச்சு முதல் தடவை காய்ச்சினா உர்ராக், இன்னொரு தடவை காய்ச்சினா பேனி, 2009-ல புவிசார் குறியீடு வாங்கினது. காய்ச்சற இடத்துக்கு பட்டின்னு பேரு, புகைய வெச்சே கண்டுபிடிச்சிடலாம், வேலை நடக்கறப்ப ஓரமா நின்னு கேட்டா சொல்வாங்க. குடிச்சா வண்டிய எடுக்காதீங்க, யாராவது ஒருத்தர் குடிக்காம இருக்கணும், மலைரோட்டுல இதுல விளையாட்டு வேண்டாம்.

உடம்பு விஷயத்துல ஒண்ணே ஒண்ணு, இத நிறைய பேருக்குத் தெரியாது. சத்தாரி பக்கம் 2015-ல இருந்து குரங்குக் காய்ச்சல் வந்துக்கிட்டு இருக்கு, காட்டு உண்ணி கடிச்சு வர்றது, ஜனவரியில இருந்து மே வரைக்கும் அதிகம். முழுக்கை சட்டை, நீளமான பேண்ட், மூடின ஷூ போட்டுக்கோங்க, சருகு மேல உக்காராதீங்க, செத்த குரங்கு கண்ணுல பட்டா கிட்டப் போகாம பக்கத்து ஹெல்த் சென்டர்லயோ வனத்துறைகிட்டயோ சொல்லிடுங்க, ஊருக்குத் திரும்பி வந்து காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட எங்க போனோம்னு மறக்காம சொல்லுங்க.

போன் சிக்னல் சத்தாரி, நேத்ராவளி உள்ள பல இடத்துல இருக்காது, காலைலயே ஹோட்டல் வைபையில ஆப்லைன் மேப் இறக்கி வெச்சுக்கோங்க. மேப் குறுக்கு வழின்னு ஒரு செம்மண் தடத்தக் காட்டினா நம்பாதீங்க, அது யாரோட தோட்டத்துக்குள்ளயாவது போய் முடியும். வழி கேக்கறப்ப அடுத்த ஊர் பேர மட்டும் கேளுங்க. ஹிந்தி எல்லாருக்கும் ஓரளவு புரியும், கிளம்பறப்ப தேவ் பொரெம் கொரும்னு கொங்கணியில நன்றி சொல்லுங்க, முகமே மாறிடும்.

வீட்டப் பிடிச்சு போட்டோ எடுக்கறது, இதுல அங்க ஜனங்க ரொம்ப நொந்து போயிருக்காங்க. கலர் அடிச்ச பழைய வீடு, வாசல் திண்ணை, எல்லாம் அழகாத்தான் இருக்கும், ஆனா உள்ள ஒரு பாட்டி உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருப்பாங்க, வாசல் கேட் மேல ஏறி நின்னு ரீல்ஸ் எடுத்தா யாருக்குத்தான் கோவம் வராது. ஆள் இருந்தா கேளுங்க, ஆள் இல்லன்னா ரோட்டுல நின்னு எடுங்க, காம்பவுண்டு தாண்டாதீங்க. கோயிலுக்கு டிராயர், கையில்லாத பனியன் வேண்டாம், வண்டியில ஒரு வேட்டியோ துப்பட்டாவோ வெச்சிருங்க. ஆத்தங்கரையில சமைக்கறது, பாட்டில் உடைக்கறது இதுக்கெல்லாம் 2019-ல சட்டத்தையே திருத்தி, அபராதம் போடற அளவுக்குக் கொண்டு வந்துட்டாங்க. குப்பைய ஒரு பையில கட்டி டவுனுக்கு எடுத்துட்டு வந்துடுங்க, கிராமத்துல எடுக்க ஆள் வர்றது எப்பவோ ஒரு தடவைதான்.

முடிஞ்சா ஒரு ராத்திரி உள்ளயே தங்குங்க. நேத்ராவளி, சத்தாரி, காணகோணா பக்கம் ஹோம்ஸ்டே இருக்கு, ஒரு நாள் முன்னாடியாவது போன் பண்ணிச் சொல்லணும், சாப்பாடு வேணும்னா எத்தனை பேர், மீன் சாப்பிடுவீங்களா மாட்டீங்களான்னு அப்பவே சொல்லிடுங்க, அவங்க சந்தைக்குப் போய் வாங்கி வரணும். இருட்டறதுக்கு முன்னாடி போய்ச் சேருங்க, ஆறரைக்கு மேல காட்டு ரோட்டுல காட்டெருமை குறுக்க நிக்கும், கருப்பா இருக்கறதால ஹெட்லைட்டுல கிட்ட வந்தப்புறம்தான் தெரியும். அப்படி நின்னா ஹாரன் அடிக்காம, லைட்ட டிம் பண்ணிட்டு, அது தானா நகர்ற வரைக்கும் தூரமா நில்லுங்க.